காலி சீட்டுக்குக் கத்திய வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்துக் கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஏரியில் விளக்கு தெரிந்தது, வலை தானாக இழுத்தது, முகத்துவாரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதையெல்லாம் கலாய்த்தே பேர் வாங்கியவன் நான். கார் வாங்கினபோதுகூட முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டவில்லை, என் மனைவி செல்வி அதற்காகக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், அதனால்தான் இதுவரை வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

என் தொழில் நண்டு வியாபாரம். ஏரியில் பிடிக்கிறவர்களிடம் உயிரோடு வாங்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, கூடையில் அடுக்கி, சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலைந்து அலுத்துப்போய்த்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட் என்றாலும் ஓரளவு புது மாடல், உள்ளே எல்லாமே எலக்ட்ரானிக்ஸ். கதவு சரியாக மூடாவிட்டால் சொல்லும், டிரைவர் பெல்ட் போடாவிட்டால் கத்தும், பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அதையும் தானே தெரிந்துகொண்டு, அவர் பெல்ட் மாட்டும்வரை டிங் டிங் என்று விடாமல் அடிக்கும். மீட்டரில் பெல்ட் போட்ட ஒரு சிவப்பு மனுஷன் எரிவான். சீட்டுக்குள் பாரத்தைக் கண்டுபிடிக்கிற ஏதோ ஒரு பட்டை வைத்திருக்கிறார்களாம். டிக்கியில் இடம் போதாமல் ஒருநாள் அந்த சீட்டில் நண்டுக் கூடையை வைத்தேன், அதையும் ஆள் என்று நினைத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் என் காதைக் கிழித்தது.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் கங்கம்மா. நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் டவுசர் நழுவுகிற வயசு, அக்காதான் ஏரியில் இறங்கி இறால் தடவி என்னை வளர்த்தாள். இறால் தடவுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். வலை கிடையாது, படகு கிடையாது. மார்பளவு தண்ணீரில் குனிந்து நகர்ந்துகொண்டே அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், பறி முகத்துக்கு முன்னால் மிதந்துகொண்டே வரும். வாயில் கயிறு இருக்கிறவரைக்கும் பேச்சு கிடையாது. கரைக்கு வந்ததும் அத்தனை நேரப் பேச்சையும் சேர்த்துச் சத்தமாகப் பேசுவார்கள். அக்காவும் அப்படித்தான், அவள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். கயிறு அறுத்து அறுத்து முன்பல் இரண்டும் தேய்ந்திருக்கும். விரல் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். கல்யாணம் என்று ஒன்று அவள் செய்துகொள்ளவே இல்லை. செல்வி மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்ற காலத்தில் என் மகள் பவித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததும் அவள்தான்.

கார் வாங்கியதில் இருந்து அக்கா அதில் ஏறியதே இல்லை. கூப்பிட்டால் துணியெல்லாம் ஈரம், சீட் வீணாய்ப் போகும் என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விடுவாள். நானும் இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.

பவித்ராவுக்குப் பொன்னேரியில் மாப்பிள்ளை அமைந்தது. பையனுக்குக் கம்பெனியில் வேலை, அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களும் ஒரு காலத்தில் கடலோரத்துக் குப்பத்தில் இருந்து போனவர்கள்தான், ஆனால் அந்த வீட்டில் இப்போது யாருக்கும் துடுப்பு எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. மரியாதையான குடும்பம், பந்தா கிடையாது. பந்தா விட்டதெல்லாம் நான்தான். எக்ஸ்போர்ட் பிசினஸ் என்றேன். வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு, ஒரு அக்கா இருக்கிறார், வீட்டோடு இருக்கிறார் என்றேன். இறால் தடவுகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏரியில் இருந்து வந்த சோற்றைத் தின்று வளர்ந்த வாய்தான் இது.

தட்டு மாற்றுவதற்கு ஒரு காரில் வருகிற அளவு ஆட்கள் வந்தால் போதும், கல்யாணத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான், செல்வி, பவித்ரா, செல்வியின் தம்பி ஏழுமலை, அப்புறம் அக்கா. கார் சரியாக நிறைந்துவிடும். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

முந்தின நாள் வண்டியைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை. நண்டுக் கூடையில் இருந்து சொட்டிய தண்ணீர் முன் சீட்டின் பஞ்சுக்குள் இறங்கி ஊறிக் கிடந்தது. எனக்குப் பழகிப்போன நாற்றம், பவித்ரா மூக்கைப் பிடித்துக்கொண்டு இதிலயா நைனா நாங்க வரணும் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. பொன்னேரிக்குக் கொண்டுபோய்க் கழுவ விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கழுவத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், படகு. ஃபைபர் படகைக் கரையில் ஏற்றி, அடியில் இருக்கிற அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தால் அத்தனை அழுக்கும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். நீங்கள் நம்பமாட்டீர்கள், கார் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் அதிலும் தரையில் ரப்பர் அடைப்பான் இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இதைச் செய்தவனும் நம்ம ஆள்தான்டா மச்சான் என்று ஏழுமலையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே எல்லா அடைப்பானையும் பிடுங்கினேன்.

அப்புறம் என்ன, மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பை உள்ளே விட்டு அடித்தேன். சோப்புத் தூளைக் கொட்டித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிற ஊரில் காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் தெருவே சண்டைக்கு வரும். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கலரில் ஏதோ வயர் முடிச்சுகள் தெரிந்தன, அவற்றின் மேலும் நன்றாக அடித்துவிட்டேன், தூசியாக இருக்கிறதே என்று. தண்ணீர் எல்லாம் அழகாக ஓட்டை வழியாக இறங்கிப் போயிற்று. சாயங்காலத்துக்குள் பின் சீட் காய்ந்துவிட்டது. முன் சீட் காயவில்லை, கையை வைத்து அழுத்தினால் புளிச் என்று தண்ணீர் வந்தது.

அப்போதுதான் அக்கா வந்தாள். கையில் ஒரு பை, அதில் இருந்த பட்டுப்புடவையை எடுத்துக் காட்டினாள், நாளைக்குக் கட்டப் போகிற புடவை. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள். எனக்கு அந்தக் குரல் பொன்னேரி வீட்டுக் கூடத்தில் கேட்பது மாதிரி இருந்தது. தேய்ந்த பல்லைக் காட்டி அவள் சிரிப்பதும், சம்பந்தி அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, நீங்க என்ன வேலை செய்யறீங்க என்று கேட்பதும், அதற்கு இவள் ஒளிக்காமல் பதில் சொல்வதும் எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"முன் சீட்டு ஈரமா கீதுக்கா. காயவே இல்ல. பட்டுப் பொடவ வீணாப் பூடும்" என்றேன்.

"ஈரமா இருந்தா எனக்கு இன்னாடா? நான் ஈரத்துலயே கெடக்கறவ தான?"

இல்லைக்கா, நாளைக்குச் சும்மா தட்டு மாற்றுகிறதுதான், கல்யாணத்துக்கு நீதான் முன்னால் நிற்கப் போகிறாய் என்று ஏதேதோ உளறினேன். ஒரு பாலிதீன் ஷீட்டை விரித்தால் தீர்ந்துபோகிற விஷயம் அது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிடா என்று சொல்லிப் புடவையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள். வீட்டில் கேட்டவர்களுக்கு அக்காவுக்கு முட்டி வலி, வரமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் கிளம்பினோம். பின் சீட்டில் பவித்ராவும் செல்வியும் ஏழுமலையும், மடியில் தட்டுகள். என் பக்கத்து சீட் காலி. சாவியைத் திருகினதுமே வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது, அந்தப் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கி ஏறியது. அப்புறம் டிங் டிங் என்று சத்தம். மீட்டரில் சிவப்பு மனுஷன் எரிகிறான். காலி சீட்டில் ஆள் இருக்கிறதாம், பெல்ட் போடவில்லையாம். "தண்ணி பூந்துகீது மாமா, காஞ்சா சரியாப் பூடும்" என்றான் ஏழுமலை. எனக்கும் அதுதான் தோன்றியது, இன்றைக்கும் பாதிக்கு மேல் அப்படித்தான் என்று சொல்வேன், உப்புத் தண்ணீர் பட்ட வயர் பைத்தியம் பிடித்தாற்போல எதையும் செய்யும்.

பழவேற்காடு கடைத்தெருவுக்கு முன்னால் ரோடு ஏரியை ஒட்டிப் போகும். கடலோடு சேர்ந்த ஏரி, தண்ணீர் வற்றியிருந்த நேரம், இறால் தடவுகிறவர்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. பவித்ரா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நான் பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டினேன். சத்தம் இன்னும் அவசரமாக அடிக்க ஆரம்பித்தது. வேகம் கூடினால் அந்த அலாரமும் கூடும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். தெரிந்தும் முதுகு வேர்த்தது.

திருப்பாலைவனம் தாண்டும்போது செல்விக்குப் பொறுக்கவில்லை, சுபகாரியத்துக்குப் போகும்போது இது என்ன எழவு மாதிரி அடித்துக்கொண்டு என்றாள். ஏழுமலை பின்னால் இருந்தபடியே கையை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். சத்தம் நின்றது. அப்பாடா என்று நான் திரும்பிப் பார்த்தேன். இதை எப்படிச் சொன்னால் நம்புவீர்கள் என்று தெரியவில்லை. காலி சீட்டில் பெல்ட்டை மாட்டினால் அது சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொள்ளும், நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள். இது ஒட்டவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தள்ளி நிற்குமோ அவ்வளவு தள்ளி, முன்னால் வளைந்து நின்றது.

"நைனா, பெல்ட்டு ஏன் அப்பிடி நிக்குது?" என்று பவித்ரா கேட்டாள்.

உப்புத் தண்ணீர் பட்டுச் சுருள் துரு ஏறியிருக்கும், இழுத்தது உள்ளே போகவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அதைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினேன். என்னவோ, பாதியில் கையை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு பொன்னேரி வரைக்கும் நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு எதிரில் வேப்பமர நிழலைத் தாண்டி வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, வெயிலில் சீட் காயட்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். நல்ல வரவேற்பு. எல்லோரும் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்டதே, பெண்ணுக்கு அத்தை வரவில்லையா, அத்தை கையால்தானே முதலில் பொட்டு வைக்க வேண்டும் என்றுதான். முட்டி வலி, நடக்கவே முடியவில்லை என்றேன். அடடா, நாங்களே வந்து பார்க்கிறோம் என்று அந்த அம்மா உண்மையான அக்கறையோடு சொன்னார். தலையைக் குனிந்துகொண்டிருந்த பவித்ரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

தட்டை மாற்றக் கையில் எடுத்த நேரம் வெளியே ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே இழுப்பாக. என் வண்டி என்று சத்தத்திலேயே தெரிந்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. பட்டுப்புடவையும் வேட்டியுமாக மொத்த வீடும் வாசலுக்கு ஓடி வந்தது. அங்கே ஒரு வெள்ளை ஆடு, முன்காலைத் தூக்கி இடப்பக்கத்துக் கதவில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்து, ஆடு ஹாரன் அடிச்சு நான் பார்த்ததில்லை சம்பந்தி என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆட்டை விரட்டிவிட்டு நான் கதவின் கைப்பிடியில் கை வைத்ததும் ஹாரன் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தேன். காலையில் அந்த சீட் வெறும் ஈரமாகத்தான் இருந்தது. இப்போது அதில் தண்ணீர் தேங்கி நின்றது, ஓரத்தில் இருந்து சொட்டுச் சொட்டாக மேட்டில் விழுந்துகொண்டிருந்தது. வாசனை வந்தது. நண்டு நாற்றம் இல்லை, சோப்பு வாசனை இல்லை. ஏரியில் கால் வைத்துக் கலக்கினால் அடிச்சேற்றில் இருந்து கிளம்புமே, அந்த வாசனை. சம்பந்தி அம்மா என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார், பின்னாலேயே மாப்பிள்ளை, அவர் தங்கை, எல்லோரும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பயத்தில் இல்லை, இவர்களுக்கு இந்த வாசனை தெரிந்துவிடுமே என்றுதான். தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த சீட்டின் மேல் போட்டு மூடினேன்.

திரும்பி வரும்போது வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. சிவப்பு மனுஷனும் எரியவில்லை. மாட்டியிருந்த பெல்ட் இப்போது துண்டின் மேல் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. செல்வியும் ஏழுமலையும் கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பவித்ரா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பழவேற்காடு நெருங்கும்போதுதான், அத்தைக்கு முட்டி வலி என்று சொன்னாயே, விடிகாலையில் அத்தை பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதை நான் பார்த்தேனே நைனா என்றாள். செல்வி பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஊருக்குள் நுழையும்போதே அக்கா வீட்டு வாசலில் கூட்டம். வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன், ஆனால் அப்படி ஒன்றும் ஆகவில்லை, அக்கா உயிரோடுதான் இருந்தாள். அவளோடு ஏரியில் இறங்கிய பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். தடவிக்கொண்டே போனவள் திடீரென்று நின்றுவிட்டாளாம். கண் திறந்திருக்கிறது, மார்பளவு தண்ணீரில் மரம் மாதிரி நிற்கிறாள். பறியின் கயிறு வாயில் இருந்து நழுவி, பறி அதுபாட்டுக்கு மிதந்து போய்விட்டது, அதைக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், உலுக்கிப் பார்த்திருக்கிறார்கள், பேச்சு இல்லை. தண்ணீர் ஏறுகிற நேரமாகிவிட்டதால் எல்லோருமாகச் சேர்ந்து அவளைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். விட்டிருந்தால் நின்ற இடத்திலேயே மூழ்கியிருப்பாள். கரையில் போட்ட கொஞ்ச நேரத்தில் தூங்கி எழுந்தவள் மாதிரி எழுந்து உட்கார்ந்து, பறி எங்கே என்று கேட்டாளாம்.

நான் மட்டும் உள்ளே போனேன். ஈரத்தலையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்டாள். முடிஞ்சுதுக்கா என்றேன். அவள் சிரித்தாள். அவள் அத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் ஒங்க கூடத்தாண்டா வந்தேன். எப்பிடி வந்தேன்னு தெர்ல. ஒன் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். இன்னாவோ கத்திகினே இருந்துச்சு, என்ன பார்த்துதான் கத்துதுன்னு தெரியுது, இன்னா பண்ணணும்னு எனக்குத் தெர்ல. அப்பறம் ஏழுமல கைய நீட்டி எதையோ இஸ்து மாட்டி உட்டான், அது வாய மூடிச்சு."

மாப்பிள்ளை வீடு எப்படி இருந்தது என்று ஏதோ கேட்டு வைத்தேன். சோதிப்பதற்காகக் கேட்டேனா, தப்பிப்பதற்காகக் கேட்டேனா, தெரியவில்லை.

"வீட்ட நான் எங்க பார்த்தேன். நீங்க எறங்கிப் போய்ட்டீங்க, என்ன யாரும் உள்ள கூப்புடல. நான் வண்டியிலயே ஒக்காந்துகினு இருந்தேன். ஒரு வெள்ள ஆடு வந்து மூஞ்சிகிட்ட நின்னுச்சு. பயந்து கைய அங்க இங்க வச்சேன், அது பெருசா சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. நீங்க எல்லாரும் பட்டும் வேட்டியுமா வந்து எட்டிப் பார்த்தீங்க. நான் ஈரத்துணியோட ஒக்காந்துகினு கீறேன். எனக்கு வெக்கமாப் பூட்ச்சுடா. நீ வந்து என் மேல துண்டப் போட்டு மூடிட்ட."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்லவேளை மூடினாய் என்கிற மாதிரி, ஒரு நன்றியோடு சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எதுக்குடா அழுவறே, எனக்கு ஒன்னும் ஆவல என்று அவளே என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். யாராவது போன் செய்து சொல்லியிருப்பார்கள். இல்லை. அக்காவிடம் போனே கிடையாது. காரில் இருந்து இறங்கி நான் நேராக அவளிடம்தான் போனேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள். ஆட்டைப் பார்த்தவர்கள் பொன்னேரியில் இருக்கிறார்கள். துண்டு போட்டதைப் பார்த்தவர்களுக்கும் அது ஈரத்தை மூடியதுதான், வெட்கப்பட்டு மூடினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டியை எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, காருக்குள் ஓஸ் பைப் விடுகிற ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். வயர் முடிச்சு எல்லாம் உப்புப் பூத்துப் பச்சையாக இருந்தது. ஹாரன், வைப்பர், கண்ணாடி, சீட் அலாரம், எல்லாவற்றுக்கும் உப்புதான் காரணம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் வாதம் செய்யவில்லை. சீட்டுக்குள் இருக்கிற பட்டையையும் புதிதாகப் போட்டு, வயரையும் மாற்றி, ஏழுமலையை உட்காரவைத்துப் பார்த்தோம், ஒழுங்காகக் கத்தியது. இறங்கினான், நின்றது.

கல்யாணத்தன்று பவித்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தை முன் சீட்டில் ஏறினால்தான் நான் ஏறுவேன் என்றாள். அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நான் ஏற்கெனவே போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கட்டாமல் மடித்து வைத்த அதே பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. மண்டபத்தில் எல்லோரிடமும் இவள்தான் இறால் தடவி என்னை வளர்த்த அக்கா என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன், பிறகு சொல்லவும் செய்தேன். அக்கா ஏறி, சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருகிவிட்டுக் காத்திருந்தேன். எத்தனையோ நாள் எரிச்சலோடு கேட்ட அந்தச் சத்தம் அன்றைக்கு வர வேண்டும் என்று சாமி கும்பிடாத குறையாகக் காத்திருந்தேன்.

வரவில்லை. அக்காவை இறங்கச் சொல்லிவிட்டு ஏழுமலையை உட்காரவைத்தேன், கத்தியது. பவித்ராவை உட்காரவைத்தேன், கத்தியது. மறுபடி அக்கா உட்கார்ந்தாள், மீட்டரில் சிவப்பு மனுஷன் எரியவே இல்லை. வயசானவங்க, எடை குறைவாக இருக்கும் என்று எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னார். அக்கா பவித்ராவைவிட ஒன்றரை மடங்கு இருப்பாள். அவரை நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

"இன்னாடா பார்த்துகினே கீற, நேரமாவுது, எடு வண்டிய" என்று அக்காதான் சத்தம் போட்டாள்.

இப்போது அடிக்கடி அவளை ஏற்றிக்கொண்டு எங்காவது போய் வருகிறேன். பொன்னேரிக்கு மகளைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு, சில நாள் சும்மா காட்டூர் வரைக்கும். ஏரியில் இருந்து நேராக ஈரத்துணியோடு வந்தாலும் ஏறச் சொல்கிறேன், அவளும் இப்போது மறுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அப்புறம் நானே குனிந்து அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிடுவேன். என் பக்கத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற குரலில் பேசிக்கொண்டுதான் வருகிறாள். வண்டி மட்டும் அந்த சீட்டில் யாரும் இல்லை என்கிறது.